ஓவியமும் உயிர் இரக்கமும்

கலைகள் மக்களுக்கு இன்பம் பயப்பன. கண்ணுக்கினிய ஓவியத்தையும் செவிக்கினிய இசையையும் விரும்பாதார் இலர். ஆயினும், இன்பம் பயத்தல் ஒன்றே கலையின் பயன் அன்று. நாள்தோறும் நாம் கண்டும் காணாதவர் போலக் கடந்து செல்லும் பொருள்களை நின்று நோக்கச் செய்வதும் கலையின் பயனாகும். வழியோரத்தில் மெலிந்து கிடக்கும் நாயைப் பலர் கடந்து போகின்றனர். அவர்கள் கொடியவர் அல்லர். அதனைக் கண்ணாற் கண்டும் கருத்தாற் காணாதவர் ஆவர். அந்நாயையே ஓர் ஓவியர் உள்ளவாறு தீட்டிச் சுவரில் மாட்டினால், அவர்களே அப்படத்தின் முன் நின்று அதன் கண்களை உற்று நோக்குகின்றனர். காணாதவரைக் காணச் செய்யும் இவ்வாற்றலை வீடற்ற விலங்குகளின் நலத்திற்காகப் பயன்படுத்திய கலைஞர் சிலரின் வரலாற்றையும், அவர்தம் முயற்சியின் பயனையும் இங்குக் காண்போம்.

வீடற்ற விலங்குகள்

நாயும் பூனையும் மிகப் பழங்காலந்தொட்டு மனிதனோடு வாழ்ந்து வருபவை. மனிதன் இட்ட உணவை உண்டு, அவன் மனையைக் காத்து, அவன் அருகில் உறங்கிப் பழகியவை. ஆதலின் மனிதனால் கைவிடப்பட்ட பின், காட்டு விலங்குகளைப் போலத் தாமே வாழ்வது அவற்றிற்கு எளிதன்று. வீடு மாறிச் செல்வோர் தாம் வளர்த்த நாயை விட்டுச் செல்கின்றனர். குட்டியாய் இருந்தபோது விரும்பி வாங்கியவர், வளர்ந்தபின் அதனைச் சுமையெனக் கருதுகின்றனர். சில விலங்குகள் வழிதவறிப் போகின்றன. இவையன்றி, தெருவிலேயே பிறந்து தெருவிலேயே வளர்பவையும் பல. பசியும் நோயும் ஊர்திகளால் நேரும் விபத்தும் இவற்றின் வாழ்நாளைக் குறைக்கின்றன.

இத்தகைய விலங்குகளை எடுத்து வந்து, உணவும் மருந்தும் அளித்து, உரியவரிடம் சேர்ப்பதற்கும் புதியவர் ஒருவரிடம் ஒப்படைப்பதற்கும் அமைந்த இல்லங்களே விலங்குப் புகலிடங்கள் எனப்படும். புகலிடம் என்பது விலங்கின் நிலையான வீடு அன்று; அது வழியிடைச் சத்திரம் போன்றது. சத்திரத்திற்கு வருவோர் மிகுந்து, புறப்படுவோர் குறைந்தால் இடம் போதாது. புகலிடங்களிலும் இந்நிலை உண்டாகிறது. நாள்தோறும் விலங்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை அழைத்துச் செல்வோரோ சிலரே. இடமும் பொருளும் போதாத நாடுகள் பலவற்றில், குறித்த நாள்கள் கழிந்தபின் எவரும் ஏற்காத விலங்குகளைக் கொன்றுவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இன்றும் அது முற்றிலும் நீங்கவில்லை. நோயற்ற நல்ல விலங்கும், அதனை ஒருவரும் பாராமற் போன காரணத்தால் உயிர் இழக்க நேர்கிறது. எனவே, புகலிடத்தில் இருக்கும் விலங்குக்கு வேண்டுவன உணவும் மருந்தும் மட்டும் அல்ல. தன்னைக் காணும் கண்களும் வேண்டும். இங்கேதான் கலைஞனின் தொண்டு தொடங்குகிறது.

எண்ணும் முகமும்

ஆயிரம் விலங்குகள் துன்புறுகின்றன என்று ஒருவர் சொன்னால் நாம் வருந்துகிறோம். ஆனால் விரைவில் மறந்துவிடுகிறோம். ஒரு விலங்கை நேரே கண்டால் எளிதில் மறப்பதில்லை. மயிலுக்குப் போர்வை அளித்த பேகனின் கதையை நாம் அறிவோம். மலையில் வாழும் மயில்கள் யாவும் குளிரால் வாடும் என்று எண்ணிப் பார்த்து அவன் போர்வை அளித்தான் அல்லன். தன் கண்முன் நின்ற ஒரு மயிலைக் கண்டான். அதன் நடுக்கத்தைக் குளிரால் வந்த நடுக்கமென எண்ணினான். அக்கணமே போர்வையை ஈந்தான். இரக்கம் பிறப்பது இவ்வாறே. எண்ணிக்கை அறிவுக்கு உரியது. முகம் நெஞ்சுக்கு உரியது. கூட்டத்திற்குள் மறைந்து கிடக்கும் ஒரு முகத்தை எடுத்து நம்முன் நிறுத்துவதே ஓவியர் செய்யும் பணியாகும்.

ஹோகார்த்தின் நான்கு படங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இலண்டன் மாநகரில் விலங்குகளை வதைப்பது பலருக்கு விளையாட்டாக இருந்தது. சேவற்போரும், கட்டிய எருதின்மேல் நாய்களை ஏவும் விளையாட்டும் தடையின்றி நடந்தன. வண்டியிழுக்கும் குதிரைகள் தளர்ந்து வீழும்வரை அடிபட்டன. அவற்றைத் தடுக்கும் சட்டம் ஒன்றும் அன்று இல்லை. அக்காலத்தில் வாழ்ந்த வில்லியம் ஹோகார்த் என்னும் ஓவியர், 1751-ஆம் ஆண்டில் ‘கொடுமையின் நான்கு படிகள்’ என்னும் பெயரால் நான்கு படங்களை வெளியிட்டார். டாம் நீரோ என்னும் கற்பனை மாந்தன் ஒருவனின் வாழ்க்கையை அவை காட்டுகின்றன.

முதற் படத்தில் டாம் நீரோ சிறுவன். தெருவில் ஒரு நாயைப் பிடித்து வதைக்கிறான். வேறு சிறுவர்களும் பூனைகளையும் பறவைகளையும் வருத்துகின்றனர். அக்கூட்டத்தின் நடுவே ஒரு சிறுவன் மட்டும் தன் கையிலுள்ள தின்பண்டத்தை நீட்டி, அதனைப் பெற்றுக்கொண்டு நாயை விட்டுவிடுமாறு மன்றாடுகிறான். இரண்டாம் படத்தில் டாம் நீரோ வண்டியோட்டி. அளவுக்கு மீறிய பாரத்தால் வீழ்ந்து கிடக்கும் குதிரையை அடிக்கிறான். மூன்றாம் படத்தில் அவன் கொலைகாரன் ஆகிறான். நான்காம் படம் தூக்கிலிடப்பட்டபின் அவன் உடலுக்கு நேர்ந்த கதியைக் காட்டுகிறது. சிறு உயிர்களிடம் பழகிய கொடுமை பின்னர் மனிதரிடமும் பாயும் என்பதே இப்படங்களின் கருத்து.

இப்படங்களை ஹோகார்த் செல்வர்க்காக வரையவில்லை. தெருவிற் செல்லும் எளிய மக்கள் கண்டு திருந்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆதலின் நுணுக்கமான வேலைப்பாடுகளை விடுத்து, எவருக்கும் பொருள் விளங்கும் அழுத்தமான கோடுகளால் வரைந்தார். செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்டு, ஒரு படம் ஒரு ஷில்லிங் என்னும் விலைக்கு விற்றார். அதனினும் மலிவாக வழங்க எண்ணி, மரக்கட்டையில் செதுக்கி அச்சிடவும் முயன்றார். பொருளீட்டுதல் நோக்கமாயின் விலையை உயர்த்த முயன்றிருப்பார். அவரோ விலையைக் குறைக்கவே முயன்றார்.

ஹோகார்த்தின் மற்றொரு தொண்டும் இங்கு நினைக்கத் தக்கது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1739-ஆம் ஆண்டில் இலண்டனில் ஓர் இல்லம் நிறுவப்பட்டது. அவ்வில்லத்தின் ஆட்சியாளர் குழுவில் ஹோகார்த்தும் ஒருவர். அவரும் அவர்தம் நண்பர்களாகிய ஓவியர்களும் தம் ஓவியங்களை அவ்வில்லத்திற்கு அளித்தனர். ஓவியங்களைக் காண விரும்பிய மக்கள் அங்கு வந்தனர். வந்தவர்கள் குழந்தைகளையும் கண்டனர். கண்டவர்கள் பொருளுதவி செய்தனர். புகலிடத்தின் வாயிலுக்கு மக்களை அழைத்து வரவும் கலை உதவும் என்பதை இதனால் அறிகிறோம்.

லாண்ட்சியரின் நாய்

ஹோகார்த்தின் படங்கள் கொடுமையைக் கண்டு அஞ்சச் செய்தன. அடுத்த நூற்றாண்டில் வேறொரு வழியைக் கைக்கொண்டவர் எட்வின் லாண்ட்சியர். இவர் 1802-இல் பிறந்து 1873-இல் மறைந்தவர். விலங்குகளைத் தீட்டுவதில் தம் காலத்தில் பெரும்புகழ் பெற்றவர். இவர் தீட்டிய ஓவியம் ஒன்றில், கருமையும் வெண்மையும் கலந்த பெரிய நாய் ஒன்று நீர்க்கரையில் அமைந்த கல்மேடையின்மேல் படுத்திருக்கிறது. நீரில் மூழ்குவோரைக் காப்பதற்கென அமைந்த கழகத்தின் சிறப்பு உறுப்பினர் என்று அந்நாய்க்கு அவர் பெயரிட்டார். தேம்சு ஆற்றங்கரையில் பலரை நீரினின்று மீட்டதாக மக்கள் வழங்கிய ஒரு நாயின் கதையே அவ்வோவியத்திற்கு அடிப்படை.

1837-ஆம் ஆண்டில் அவர் தீட்டிய மற்றோர் ஓவியம், இறந்துபோன இடையனின் பெட்டியின்மேல் தலை சாய்த்திருக்கும் நாயைக் காட்டுகிறது. அவ்வறையில் வேறு ஒருவரும் இல்லை. அந்த நாய் அழுவதாகவோ புலம்புவதாகவோ ஓவியர் தீட்டவில்லை. அதன் தலை சாய்ந்திருக்கும் முறை ஒன்றே அதன் துயரை உணர்த்துகிறது. இத்தகைய ஓவியங்கள் அச்சுப் படங்களாகிப் பல்லாயிரம் இல்லங்களின் சுவர்களை அடைந்தன. நாய்க்கும் அன்பு உண்டு, துயர் உண்டு, நன்றி உண்டு என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்ற அவை துணைசெய்தன. லாண்ட்சியர் விலங்குகளுக்கு மனித முகபாவத்தை மிகுதியாகக் கொடுத்துவிட்டார் என்று குறை கூறுவோரும் உளர். ஆயினும், அவர் காட்டிய வழியின் பயனை மறுத்தற்கில்லை.

இதே காலப்பகுதியில் சட்டங்களும் பிறந்தன. குதிரை, மாடு, ஆடு முதலியவற்றை வதைப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1822-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1824-இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. 1835-ஆம் ஆண்டுச் சட்டம் நாய்களையும் காத்தது. எருதின்மேல் நாய்களை ஏவும் விளையாட்டையும் தடுத்தது. இச்சட்டங்கள் ஓவியங்களால் மட்டும் விளைந்தவை என்று கூறுதல் மிகையாகும். நல்லோர் பலரின் பேச்சும் எழுத்தும் விடாமுயற்சியும் அவற்றிற்குக் காரணம். மக்களின் மனத்தை அவற்றிற்கு ஏற்றவாறு பண்படுத்தியதில் ஓவியத்திற்கும் பங்கு உண்டு என்பதே பொருந்தும்.

மேரி டீல்பியின் இல்லம்

சட்டம் வந்தபின்னும் வீடற்ற நாய்களின் நிலை மாறவில்லை. அடிப்பவனைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. பசியால் மெலிந்து சாவதைத் தடுக்க ஏற்பாடு இல்லை. இக்குறையைப் போக்க முன்வந்தவர் மேரி டீல்பி என்னும் அம்மையார். அவர் 1860-ஆம் ஆண்டில், தம் அறுபதாம் வயதை நெருங்கும் காலத்தில், இலண்டனின் ஹாலோவே பகுதியில் குதிரை லாயம் ஒன்றை அமர்த்தி, வழிதவறிய நாய்களுக்கும் பசித்த நாய்களுக்கும் ஓர் இல்லம் தொடங்கினார். அதனைக் கேட்டுப் பலர் நகைத்தனர். ‘மனிதருக்கே வீடில்லாத நகரத்தில் நாய்களுக்கு வீடா?’ என்று ஏளனம் செய்தனர்.

இந்த வினா இன்றும் கேட்கப்படுவதாதலின் விடை காண்போம். இரக்கம் என்பது குடத்து நீர் அன்று, ஒருவருக்கு வார்த்தால் மற்றவருக்குக் குறைவதற்கு. அது ஊற்று நீர் போன்றது. இறைக்க இறைக்கச் சுரப்பது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்குத் துணைநின்ற ஹோகார்த்தே வதைபட்ட நாய்க்கும் குரல் கொடுத்தார். அமெரிக்காவில் 1866-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவியவர் ஹென்றி பெர்க் என்பவர். 1874-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமியைக் காக்க வேண்டுமென்று அவரிடமே முறையிட்டனர். அவர் உதவியால் அச்சிறுமி மீட்கப்பட்டாள். அதனைத் தொடர்ந்து குழந்தைகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கமும் தோன்றியது. வாயில்லா உயிருக்கு இரங்கியவர்கள் குழந்தைக்கும் இரங்கினர் என்பதற்கு வரலாறே சான்று.

மேரி டீல்பியின் இல்லத்தைப் பற்றிய ஏளனம் குறைவதற்கு எழுத்துக்கலை உதவியது. புகழ்பெற்ற நாவலாசிரியராகிய சார்லஸ் டிக்கன்ஸ் ஓர் இதழை நடத்தி வந்தார். அதில் 1862-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அக்கட்டுரை இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டியது. ஒன்று, உயர்ந்த இனத்து நாய்கள் பரிசு பெறுவதற்காக அணிவகுத்திருந்த கண்காட்சி. மற்றொன்று, அதற்குச் சிறிது தொலைவில் வீடற்ற நாய்கள் தங்கியிருந்த ஹாலோவே இல்லம். முன்னதைக் காண மக்கள் திரண்டனர். பின்னதையோ அறிந்தவர் சிலரே. இவ்விரண்டையும் படித்தவர்கள் அவ்வில்லத்தைப் புதிய கண்களால் நோக்கினர். சொல்லால் தீட்டிய ஓவியம் என்று அக்கட்டுரையைக் கூறலாம்.

மேரி டீல்பி 1865-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தொடங்கிய இல்லம் 1871-இல் பாட்டர்சீ என்னும் பகுதிக்கு மாறியது. 1883-முதல் பூனைகளையும் ஏற்றது. இன்றும் அங்கே தொண்டாற்றி வருகிறது. ஜான் சார்லஸ் டால்மன் என்னும் ஓவியர் 1879-ஆம் ஆண்டில், நாய்கள் இல்லமொன்றில் பலவகை நாய்கள் உணவுக்காகக் கூடியிருக்கும் காட்சியைத் தீட்டினார். லாண்ட்சியர் பெரும்பாலும் செல்வர் வீட்டு நாய்களையும் வீரச்செயல் புரிந்த நாய்களையும் தீட்டினார். டால்மனின் ஓவியத்திலோ வீடிழந்த நாய்களே தலைவர்கள். ஒருகாலத்தில் நகைப்புக்கு இடமாயிருந்த புகலிடம், ஓவியத்திற்குரிய பொருளாக உயர்ந்தது.

ஒரு மைல் நீளும் முகங்கள்

நம் காலத்தில் இத்துறையில் செய்யப்பட்ட பெருமுயற்சி ஒன்று அமெரிக்காவைச் சேர்ந்தது. மார்க் பாரோன் என்னும் ஓவியரும் அவர்தம் வாழ்க்கைத்துணையாகிய மரீனா டெர்வனும் தம் வளர்ப்பு நாயை முதுமையால் இழந்தனர். வேறொரு நாயை வளர்க்கலாம் என்று கருதிய மரீனா, புகலிடங்களைப் பற்றிய செய்திகளைத் தேடினார். அப்பொழுது, அந்நாட்டின் புகலிடங்களில் நாள்தோறும் ஏறத்தாழ 5,500 நாய்கள் கொல்லப்படுகின்றன என்னும் கணக்கைக் கண்டு திடுக்கிட்டார். இதனைக் கேட்ட ஓவியர், அந்த ஒருநாட் கணக்கின்படி 5,500 நாய்களின் உருவங்களைத் தீட்டுவதென்று உறுதி கொண்டார். ஒவ்வொன்றும் புகலிடத்தில் உயிரிழந்த ஒரு நாயின் உருவம்.

கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், 2011-ஆம் ஆண்டளவில் இப்பணி தொடங்கியது. ஓர் அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள பலகைகளில், நாளொன்றுக்குப் பத்து நாய்கள் என்னும் அளவில் அவர் தீட்டிவந்தார். நாளைக்குப் பத்தாகத் தீட்டினாலும் 5,500 படங்களை முடிக்க 550 நாள்கள் வேண்டும். அவற்றை ஒன்றன்பக்கம் ஒன்றாக வரிசையாய் வைத்தால், அவ்வரிசை ஒரு மைலுக்கும் மேல் நீளும். ஒரே நாளில் மறைந்ததாகக் கூறப்பட்ட உயிர்களைத் தீட்டுவதற்கு ஒரு மனிதனின் ஆண்டுகள் செலவாயின. இம்முயற்சியின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. ‘5,500’ என்று எழுத நமக்கு ஒரு நொடி போதும். அதனை முகங்களாகத் தீட்டும்போதுதான் அவ்வெண்ணின் பெருமையை உணர்கிறோம். ஹோகார்த் கொடுமையைக் காட்டினார். லாண்ட்சியர் அன்பைக் காட்டினார். பாரோனோ எண்ணையும் முகத்தையும் ஒருங்கே காட்டினார்.

நிழற்படமும் புதிய கருவிகளும்

மேற்கூறிய ஓவியங்கள் மக்கள் மனத்தை மாற்றுவதற்குப் பயன்பட்டன. புகலிடத்தில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு விலங்குக்கு உடனே வீடு தேடித் தருவதற்கு, இக்காலத்தில் நிழற்படமே பெரிதும் பயன்படுகிறது. நாயை ஏற்க விரும்புவோர் பலரும் முதலில் காண்பது அதன் படத்தையே. முற்காலத்தில் புகலிடப் பணியாளர் கூண்டின் வெளியே நின்று விரைவாகப் படமெடுத்தனர். கம்பிகளின் நிழலும், இருண்ட மூலையும், அச்சத்தால் ஒடுங்கிய உருவமுமே அப்படங்களில் தெரிந்தன. அவற்றைக் கண்டவர் ‘இது முரட்டு நாய்’ என்றோ, ‘இது நோயுற்ற நாய்’ என்றோ எண்ணி விலகினர். நாயின் குறை அன்று அது; படத்தின் குறை.

பிற்காலத்தில் திறமைமிக்க நிழற்படக் கலைஞர் பலர் தம் ஓய்வு நேரத்தைப் புகலிடங்களுக்கு அளிக்க முன்வந்தனர். அவர்கள் நாயை வெளிச்சத்திற்கு அழைத்து வந்து, சிறிது நேரம் விளையாட விட்டு, அச்சம் தெளிந்தபின் படமெடுக்கின்றனர். கருநிற நாய்களின் படங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி 2015-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. தெளிவாக எடுத்த படத்திலும், திறந்த வெளியில் எடுத்த படத்திலும், காண்போரை நேரே நோக்கும் படத்திலும் உள்ள நாய்கள் விரைவில் வீடு பெற்றன என்று அவ்வாராய்ச்சி தெரிவிக்கிறது.

பாட்டர்சீ இல்லமும் அதே 2015-ஆம் ஆண்டில் ஒரு புதுமையைச் செய்தது. இலண்டனின் பெரிய அங்காடி ஒன்றில், வருவோர்க்குத் துண்டு வெளியீடுகள் வழங்கப்பட்டன. ஒவ்வொரு துண்டிலும் நுண்ணிய மின்னணுச் சில்லு ஒன்று மறைந்திருந்தது. அதனைக் கையில் வைத்திருப்பவர் மின்திரைகளைக் கடந்து செல்லும்போது, பார்லி என்னும் நாய் அத்திரைகளில் தோன்றி, ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்கு அவரைத் தொடர்ந்து வந்தது. வழக்கமாக நாயைத் தேடி மனிதன் செல்வான். இங்கே மனிதனைத் தேடி நாய் வந்தது. கருவி புதிது; கருத்தோ ஹோகார்த்தின் காலத்துக் கருத்தே. கடந்து செல்பவனை நிற்கச் செய்தல் என்பதே அது.

நல்ல படத்தின் இயல்புகள்

இவற்றையெல்லாம் நோக்கும்போது, வீடற்ற விலங்கின் படம் எவ்வாறு அமைய வேண்டும் என்பது விளங்கும். முதலாவது, ஓவியர் விலங்கின் உயரத்திற்குத் தாழ வேண்டும். நின்றபடி மேலிருந்து நோக்கினால் அதன் முதுகே மிகுதியாய்த் தெரியும். மண்டியிட்டு நோக்கினால் அதன் கண்கள் தெரியும். இரண்டாவது, அந்த விலங்குக்கே உரிய அடையாளம் படத்தில் இருத்தல் வேண்டும். மடிந்த காது, நெற்றியிலுள்ள வெண்புள்ளி, முகத்தைச் சாய்த்துப் பார்க்கும் வழக்கம் ஆகியவையே ஒரு நாயை மற்றொரு நாயினின்று வேறுபடுத்துகின்றன. அவை இல்லாத படம் ‘ஒரு நாய்’ என்று மட்டும் சொல்லும். ‘இந்த நாய்’ என்று சொல்லாது.

மூன்றாவது, படம் உண்மையாய் இருத்தல் வேண்டும். முதிய நாயை இளைய நாய்போலவும், நொண்டும் நாயை நலமுள்ள நாய்போலவும் காட்டுதல் தவறு. அவ்வாறு காட்டினால் அழைத்துச் செல்பவர் ஏமாற்றமடைந்து, சில நாள்களில் அதனைத் திரும்பக் கொண்டுவந்து விடுவர். இருமுறை கைவிடப்படும் துயரம் அந்த விலங்கைச் சேரும். உள்ள குறையை மறைக்காமல், உள்ள அழகையும் விடாமல் காட்டுவதே நேர்மை. நான்காவது, துன்பத்தைக் காட்டுவதில் அளவு வேண்டும். குருதியையும் புண்ணையுமே பெரிதாகக் காட்டினால், காண்போர் முகத்தைத் திருப்பிக் கொள்வர். இரக்கம் பிறப்பதற்கு மாறாக அருவருப்புப் பிறக்கும். ஐந்தாவது, படத்தின் கீழ் வேண்டிய செய்தி இருத்தல் வேண்டும். விலங்கின் வயது, இயல்பு, இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதாவிடில், காண்போர் உள்ளத்தில் எழுந்த இரக்கம் செயலாக மாற வழியின்றி அடங்கிவிடும்.

கலையின் எல்லை

கலையின் ஆற்றலைப் போற்றும் நாம் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். அமெரிக்காவின் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் செய்த மதிப்பீட்டின்படி, அந்நாட்டுப் புகலிடங்களில் கொல்லப்பட்ட விலங்குகள் 2011-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 26 இலட்சம். 2019-ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறத்தாழ 9,20,000-ஆகக் குறைந்தது. இது மகிழத்தக்க மாற்றம். இதற்குக் காரணங்கள் பல. கருத்தடை அறுவையால் வேண்டாத குட்டிகளின் பிறப்புக் குறைந்தது. அடையாளச் சில்லுகளின் உதவியால் வழிதவறிய விலங்குகள் உரியவரை அடைந்தன. விலைக்கு வாங்குவதை விடுத்துப் புகலிடத்திலிருந்து அழைத்துச் செல்வோர் தொகை பெருகியது. இவற்றுள் ஓவியமும் நிழற்படமும் நேரே துணைசெய்தது கடைசியாகக் கூறிய காரணத்திற்கே.

மருத்துவரின் கத்தி செய்யும் வேலையைத் தூரிகை செய்யாது. பாலும் சோறும் தரும் பயனை வண்ணம் தராது. ஆயினும், மருத்துவரை வரவழைக்கவும், பால் வாங்கப் பொருள் சேர்க்கவும், ஒருவரைப் புகலிடத்தின் வாயிலுக்கு அழைத்து வரவும் படம் உதவும். கலை வழிகாட்டும் விளக்கு. நடந்து செல்ல வேண்டியவர் நாமே. படத்தைக் கண்டு கண்ணீர் வடித்துவிட்டு வீடு திரும்புபவர், விளக்கைப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே நிற்பவரை ஒப்பர்.

நாம் செய்யத்தக்கது

இத்தொண்டிற்குப் பெரிய ஓவியராய் இருத்தல் வேண்டும் என்பதில்லை. பள்ளி மாணவரும் இதனைச் செய்யலாம். ஆசிரியரின் துணையோடு அருகிலுள்ள புகலிடத்திற்குச் சென்று, அங்குள்ள விலங்குகளுள் ஒன்றைச் சிறிது நேரம் அமைதியாக நோக்கலாம். முன்பின் அறியாத நாயைத் தொடுதலும், அதன் உணவில் கைவைத்தலும் கூடா; பணியாளர் சொற்படி விலகியிருந்தே பார்த்தல் வேண்டும். பின்னர் அதன் உருவத்தை வரைந்து, அதன் இயல்பையும் இருப்பிடத்தையும் கீழே எழுதி, பள்ளியின் அறிவிப்புப் பலகையிலோ நூலகத்திலோ மாட்டலாம். கோடுகள் கோணலாக இருக்கலாம். வண்ணம் சிறிது பிசகலாம். அந்த விலங்கை உண்மையாகவே நோக்கி வரைந்த படமாயின், அதனைக் காண்பவரும் நின்று நோக்குவர்.

இவ்வகைப் படத்திற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஏனைய ஓவியங்கள் நெடுங்காலம் சுவரில் நிலைத்திருத்தலையே பெருமையாகக் கொள்கின்றன. புகலிட விலங்கின் படமோ விரைவில் எடுக்கப்பட வேண்டும் என்றே மாட்டப்படுகிறது. ‘இந்த நாய்க்கு வீடு கிடைத்துவிட்டது, இனிப் படம் வேண்டுவதில்லை’ என்று ஒருவர் வந்து சொல்லி அதனைக் கழற்றும் நாளில் அப்படத்தின் பணி நிறைவு பெறுகிறது. வெறுமையான அந்த இடத்தில் அடுத்த விலங்கின் படத்தை மாட்ட நாம் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.